முட்டில்லாமல் சுடாதீர்கள்: தார் வேட்டைக்குக் கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார், தம்பிமார், தங்கைமாருக்கு,

நியூசிலாந்தின் தென் தீவில் துப்பாக்கி உரிமம் வாங்கி, வரும் குளிர்காலத்தில் முதல்முறையாக இமயமலைத் தார் என்னும் காட்டாட்டைத் தேடி மலையேறக் காத்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் மூன்று கேள்விகள் தவறாமல் வருகின்றன. எந்த ரைஃபிள், எந்த ஸ்கோப், எந்தத் தோட்டா. இரவு முழுக்க இதையே பேசுகிறீர்கள். விலை விசாரிக்கிறீர்கள். ஒருவர் வாங்கியதை இன்னொருவர் தோளில் வைத்துப் பார்க்கிறீர்கள். "சரி, இதை மலைச்சரிவில் எதன்மேல் வைத்துச் சுடப்போகிறீர்கள்?" என்று நான் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. "அங்க போய்ப் பாத்துக்கலாம்ண்ணே" என்கிறீர்கள்.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள முடியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

சுடுதளத்தில் உங்களைப் பார்த்திருக்கிறேன். சிமெண்ட் மேசை, முன்னால் ஒரு மணல்மூட்டை, அடிக்கட்டைக்குக் கீழே இன்னொரு மணல்மூட்டை, உட்கார ஒரு நாற்காலி. 100 மீட்டரில் மூன்று குண்டும் மூன்று சென்டிமீட்டருக்குள் விழுகின்றன. அந்தத் தாளைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புகிறீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தாள் உங்கள் ரைஃபிளைப் பற்றியும் அந்த மேசையைப் பற்றியும் சொல்கிறது. உங்களைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. ரங்கிடாட்டா ஆற்றின் தலைப்பகுதியிலோ, காட்லி, ஹாப்கின்ஸ் பள்ளத்தாக்குகளிலோ, பாறைச் சரிவில் ஒரு கால் மடங்கி ஒரு கால் நீண்டு உட்கார்ந்திருக்கும்போது மேசை கிடையாது. அங்கே நீங்கள் கொண்டுபோன முட்டுதான், அதாவது ரைஃபிளைத் தாங்கும் ஆதாரம்தான், மேசை. கொண்டுபோகாவிட்டால் உங்கள் முழங்கால்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் தோளில் பதிந்திருக்கும் அடிக்கட்டையிலிருந்து குழலின் முனைவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அடிக்கட்டை அசையாமல் இருக்க, குழல்முனை மட்டும் 1 மில்லிமீட்டர் விலகினால் குண்டு 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் தள்ளி விழும். 200 மீட்டரில் 20. 300 மீட்டரில் 30. தார் ஆட்டின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில், நம்பிச் சுடக்கூடிய பரப்பு சுமார் 20 சென்டிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 10 சென்டிமீட்டர்தான் இடம். அப்படியானால் 300 மீட்டரில் உங்கள் குழல்முனை அசையலாம் என்று விட்டிருக்கும் அளவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மணி நேரம் ஏறி வந்து மூச்சு இரைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்திருக்கிறது, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே அடிக்கிறது. இந்த நிலையில் வெறுங்கையால் மூன்றில் ஒரு மில்லிமீட்டருக்குள் நிறுத்தக்கூடியவர் நம்மில் யாரும் இல்லை. நானும் இல்லை. இருபது வருடமாக வேட்டையாடுகிறேன் என்று சொல்பவரும் இல்லை.

தவறினால் யாருக்கு நட்டம் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு ஒரு தோட்டா போகும். ஆட்டுக்குக் குடல் கிழியும்.

உங்களில் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "நம்ம ஊர்ல வரையாட்டைப் பொத்திப் பொத்திக் காப்பாத்துறாங்க, இங்க அதோட சொந்தக்காரனைச் சுடலாமாண்ணா?" நல்ல கேள்வி. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைக் காக்க 2023-இல் அரசு தனித்திட்டமே தொடங்கியது. இமயமலைத் தாரையும் நம் வரையாட்டையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல்தான் மரபணு ஆய்வு இரண்டையும் பிரித்தது. பார்த்தால் இன்னும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கின்றன. இமயத்தில் தாருக்கும் பாதுகாப்பு வேண்டும். ஆனால் இந்த மண்ணின் கதை வேறு. 1904-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் பிரபு அனுப்பிய சில ஆடுகளை அவ்ராக்கி மலையடியில் விட்டார்கள். வௌவாலைத் தவிர வேறு தரைப் பாலூட்டி எதுவும் இயற்கையில் இல்லாத நாடு இது. குளம்பும் மேய்ச்சலும் அறியாமல் வளர்ந்த மலைச்செடிகள் இங்கே இருப்பவை. அவற்றைக் காக்கத்தான் 1993-இல் வகுத்த திட்டம் தாரின் எண்ணிக்கைக்கு 10,000 என்று உச்சவரம்பு வைத்தது. அரசே ஹெலிகாப்டரில் போய்ச் சுட்டுக் குறைக்கிறது. ஆகவே இங்கே தாரைச் சுடுவதில் எனக்கு உறுத்தல் இல்லை. அந்தத் தங்கையிடமும் இதையே சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதற்காக ஓர் ஆடு இரண்டு நாள் பாறையிடுக்கில் கிடந்து சாக வேண்டியதில்லை. அதைத் தடுப்பது சுடுகிறவரின் பொறுப்பு மட்டுமே. மலையில் வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

ஹாப்கின்ஸ் பக்கம் ஒரு கூட்டத்தோடு போயிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அந்தத் தம்பியும் இதைப் படிப்பார். ஓடைப்பள்ளத்துக்கு எதிர்ச்சரிவில் பிடரிமயிர் சிலிர்த்த கிடா ஒன்று நின்றது. நல்ல தூரம். தம்பி உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிச் சுட்டார். குண்டு வயிற்றில் பட்டது. கிடா விழவில்லை, செங்குத்துப் பாறைக்குள் ஏறிப்போய் மறைந்தது. இருட்டிக்கொண்டு வந்தது, அந்தப் பாறையில் மனிதர் கால் வைக்க முடியாது. இரவு பனி பெய்தது. காலையில் தொலைநோக்கியில் தேடினோம். பாறையில் ரத்தக்கறை தெரிந்தது, ஆடு தெரியவில்லை. என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாதது எதுவென்றால், சுடும்போது அவர் பையின் பக்கவாட்டில் இரண்டு ஊன்றுகோல்கள் கட்டியபடியே இருந்தன. அவிழ்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். கிடா அவ்வளவு நேரம் நின்றுகொண்டும் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் முட்டு இருந்தும் அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் யாரும் அவருக்கு அதைப் பழக்கவில்லை. பழக்கியிருக்க வேண்டியவர்கள் அவரைவிட மூத்த நாம்.

அதனால் முதலில் மூத்தவர்களிடம் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். "நாங்கல்லாம் அந்தக் காலத்துல கையில புடிச்சே சுட்டோம்" என்று நீங்கள் பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் சுட்டது காட்டுக்குள், மரங்களுக்கிடையே, அறுபது எழுபது மீட்டரில் நின்ற மானை. அதற்குக் கை போதும். மரத்தில் தோளைச் சாய்த்தால் இன்னும் நல்லது. தார் இருக்கும் உயரத்தில் மரமும் இல்லை, தூரமும் எழுபதோடு நிற்பதில்லை. உங்கள் பெருமைப்பேச்சை நம்பி ஒரு பிள்ளை 250 மீட்டரில் நின்றபடி சுட்டால் அந்தக் காயத்தில் உங்களுக்கும் பங்குண்டு. தயவுசெய்து அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். தரையைப் பார்த்துத்தான் முட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கடையைப் பார்த்து அல்ல. தார் மேயும் இடத்துக்கு ஏறும்போது கால்கீழே என்னென்ன மாறுகிறது என்று நினைத்துப் பாருங்கள். அடியில் ஆற்றங்கரை உருளைக்கற்களும் மட்டகவுரி முட்புதரும். அதற்கு மேலே டஸ்ஸாக் புல், சில இடங்களில் இடுப்புவரை. அந்தப் புல்லுக்கிடையில் ஸ்பியர்கிராஸ். அதன் நுனி தடித்த கால்சட்டையையும் துளைக்கும், அதன்மேல் யாரும் வயிற்றைப் போட்டுப் படுக்க முடியாது. அதற்கும் மேலே காலடியில் சரியும் கற்சரிவு. பிறகு செங்குத்துப் பாறைகள். குளிர்காலமானால் இவை எல்லாவற்றின்மேலும் உறைபனி. ஆடு பெரும்பாலும் உங்கள் மட்டத்தில் நிற்காது. மேலே நிற்கும், அல்லது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

இப்போது ரைஃபிளின் முன்கட்டையில் மாட்டும் குட்டை பைபாடை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் போனவுடன் உங்கள் கையில் திணிப்பது அதைத்தான்: ஆறிலிருந்து ஒன்பது அங்குல உயரம், அதாவது 15 முதல் 23 சென்டிமீட்டர். சமதரையில் படுத்துச் சுடுவதற்கு அதைவிட உறுதியானது கிடையாது என்பது உண்மை. ஆனால் டஸ்ஸாக் நடுவே படுத்தால் ஸ்கோப்பில் தெரிவது புல் மட்டுமே. மேல்நோக்கிச் சுட வேண்டுமென்றால் அந்த உயரம் போதாது. குழலைத் தூக்கத் தூக்க அடிக்கட்டை மண்ணுக்குள் போகும். சரிவில் தலைகீழாகப் படுத்தால் உடம்பே வழுக்கும். 13 முதல் 27 அங்குலம்வரை நீளும் பைபாட் உட்கார்ந்து சுட உதவும், ஆனால் கனம் கூடும், கால்கள் முழுக்க நீண்டபின் ஆடும். எதுவானாலும் நாள் முழுக்க ரைஃபிளின் மூக்கில் தொங்கும், முட்புதரில் மாட்டும். பைபாட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே வாங்கியவர்கள் எறிய வேண்டாம், மேட்டுத் திட்டுகளில் அது உதவும். அதை மட்டும் நம்பி ஏறாதீர்கள் என்கிறேன்.

நான்கு கால் ஸ்டிக் பற்றிச் சிலர் கேட்டீர்கள். முன்கட்டையையும் அடிக்கட்டையையும் சேர்த்துத் தாங்குவதால் நின்றபடி சுட மிக நல்லது. ஆனால் அது ஓரளவு சமமான நிலத்துக்கான கருவி. ஆப்பிரிக்கப் படங்களில் பார்க்கும் மூன்று மரக்கம்புகளும் அப்படித்தான்: சமநிலம், உயர்ந்த புல், குறைந்த தூரம், நின்றபடி ஒரு குண்டு. அந்த நிலத்தில் அது சரி. முப்பது பாகைச் சரிவில் அதே கம்புகளைப் பிரித்து நிறுத்தப் பாருங்கள், ஒரு கால் காற்றில் நிற்கும்.

என்னிடம் கேட்டால் முதல் முட்டு உங்கள் முதுகிலேயே இருக்கிறது. முதுகுப்பை. ஒரு காசும் செலவில்லை, கூடுதல் எடையும் இல்லை. அதைப் பாறைமேல் குறுக்கே கிடத்தி, நடுவில் முஷ்டியால் ஒரு குழி குத்தி, முன்கட்டையை அதில் பதியுங்கள். உள்ளே தூங்கும் பையும் மேல்சட்டையும் மேலாக இருக்கும்படி அடுக்கியிருந்தால் இன்னும் நன்றாகப் பதியும். பையின் சட்டக்கம்பியோ சமையல் பாத்திரமோ கட்டைக்கு அடியில் வரக்கூடாது. உயரம் வேண்டுமா, பையை நிமிர்த்தி வையுங்கள். இப்படி வைப்பதற்கு ஏற்றபடி காலையிலேயே பையைக் கட்டுங்கள். பை கட்டும்போதே வேட்டை தொடங்கிவிடுகிறது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது ஊன்றுகோல். ஏற இறங்க முழங்காலைக் காப்பாற்ற நீங்கள் எப்படியும் இரண்டு கொண்டுபோக வேண்டும், கொண்டுபோகிறீர்கள். அவற்றையே முட்டாக்கலாம். இரண்டையும் குறுக்காக வைத்து, ஒன்றின் மணிக்கட்டு வாரை மற்றதில் சுற்றுங்கள். அல்லது பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி, சேருமிடத்தில் மாட்டுங்கள். உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் அழுத்தி, இடது கையால் கம்பு சேருமிடத்தையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடித்து, மெல்ல முன்னால் தள்ளுங்கள். அந்த அழுத்தத்தில்தான் உறுதி வருகிறது. சும்மா மேலே வைத்தால் ஆடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் கனத்த ரைஃபிள்களை இப்படிக் குறுக்குக் கம்புகளில்தான் தாங்கினார்கள். அவர்கள் செய்த அழிவு மன்னிக்க முடியாதது. ஆனால் இரண்டு கம்பு தரும் உறுதிக்கு அந்தக் காலமே சாட்சி. ஊன்றுகோல் வாங்கும்போது உயரத்தைத் திருகிப் பூட்டுவதைவிட நெம்புபூட்டு உள்ளதை வாங்குங்கள். திருகுபூட்டில் மணலும் ஈரமும் புகுந்தால் எடை வைத்ததும் உள்ளே இறங்கும். குறி பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழல் தாழும்.

மூன்றாவது ட்ரைபாட். கொஞ்சம் பணம் சேர்த்தவர்களுக்கு இதைத்தான் முழுமனதோடு சொல்வேன், அதற்குக் காரணம் சுடுவது மட்டுமல்ல. தார் வேட்டையில் பகலின் பெரும்பகுதி எதிர்மலையைத் தொலைநோக்கியில் அலசுவதில் போகிறது. கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் ட்ரைபாடில் மாட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை கண்டவர் பழையபடி திரும்ப மாட்டார். பாறை என்று நீங்கள் தாண்டிய இடத்தில் படுத்திருக்கும் ஆட்டின் காது அசைவது தெரியும். அதே ட்ரைபாட், ரைஃபிள் வைக்கும் பிடியை மாட்டினால் முட்டாகிறது.

வாங்கும்போது மூன்று காலையும் தனித்தனி நீளத்துக்கும் தனித்தனிக் கோணத்துக்கும் விரிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கரடுமுரடான தரையில் ட்ரைபாடின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. நடுத்தண்டு இல்லாதது நல்லது. இருந்தால் உயர்த்தாதீர்கள், உயர்த்திய தண்டு ஒற்றைக்கால்தான். கால் எத்தனை துண்டாக மடங்குகிறது என்பதையும் எண்ணுங்கள்: துண்டு கூடினால் மடித்த நீளம் குறையும், ஆனால் கடைசித் துண்டு விரல் கனத்துக்கு மெலிந்துவிடும். உட்கார்ந்து சுட அந்தக் கடைசித் துண்டை நீட்டவே தேவைப்படாத உயரம் இருந்தால் போதும். கார்பன் கால்கள் இலேசானவை, பனியில் தொட்டால் கையைக் கடிக்காது. பாறையில் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். அலுமினியம் கனம், கைக்குக் குளிர், ஆனால் விலை குறைவு, அடி தாங்கும். தலையில் இருக்கும் உருண்டைப் பூட்டில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். சிறிய கேமராவுக்காகச் செய்த பூட்டு நான்கைந்து கிலோ ரைஃபிளை வைத்தால் மெல்லச் சரியும். கடையிலேயே கையுறை போட்டுக்கொண்டு எல்லாப் பூட்டையும் திறந்து மூடிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சரிவில் நிறுத்தும்போது இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். கால்களை அகல விரித்து, எவ்வளவு தாழ வைக்க முடியுமோ அவ்வளவு தாழ. காற்றடித்தால் பையைக் கொக்கியில் தொங்கவிடலாம். ஆனால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஊசலாடினால் ட்ரைபாடையே ஆட்டும்.

எந்த முட்டு வாங்கினாலும் உங்களில் பத்தில் ஒன்பது பேர் மறக்கும் ஒன்றைச் சொல்கிறேன். முன்கட்டைக்கு மட்டும் முட்டுக்கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. சுடுதள மேசையில் உங்களுக்கு இரண்டு மணல்மூட்டை இருந்ததே, அந்த இரண்டாவது எங்கே? முன்னால் அசையாமல் நின்று, தோள்பக்கம் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் குண்டு மேலே போட்ட கணக்கைவிடக் கூடுதலாகவே விலகும், ஏனென்றால் முட்டு குழல்முனையைவிடத் தோளுக்குக் கிட்ட இருக்கிறது. வலது முழங்கைக்குக் கீழே எதையாவது வையுங்கள். சுருட்டிய மேல்சட்டை, சாப்பாட்டுப் பை, பக்கத்திலுள்ள பாறை, மடித்த முழங்கால், கூட வந்தவரின் முதுகுப்பை. நண்பர் உங்கள் பக்கத்தில் முதுகு காட்டி உட்கார்ந்து, அந்தப் பையில் உங்கள் முழங்கை பதிந்தால் போதும், ஸ்கோப்பில் குறுக்குக்கோடு நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். அப்போது அவர் காதுக்கு அடைப்பான் போட்டிருக்க வேண்டும், உடம்பின் எந்தப் பகுதியும் குழல்முனையைத் தாண்டி முன்னால் இருக்கக் கூடாது.

குழலைப் பாறையில் வைக்காதீர்கள். குண்டு வெளியேறும்போது குழல் அதிர்கிறது. கடினமான எதிலும் நேரடியாகப் பட்டுக்கொண்டிருந்தால் துப்பாக்கி அதிலிருந்து எகிறிவிடும், குண்டு வேறெங்கோ போகும். முன்கட்டையைத்தான் வைக்க வேண்டும், அதற்கும் பாறைக்கும் நடுவே மெத்தென்று ஏதாவது இருக்க வேண்டும். ஒரு தொப்பி போதும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்கோப் குழலுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாறை விளிம்புக்குப் பின்னால் தாழக் கிடந்து பார்க்கும்போது ஸ்கோப்பில் ஆடு தெளிவாகத் தெரியும்; ஆனால் குழல்முனை விளிம்புக்குக் கீழேயே இருக்கும். விசையை அழுத்தினால் ஒரு முழம் தள்ளியிருக்கும் பாறைதான் வெடித்துச் சிதறும், முகத்தில். சுடுமுன் கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுத்து, குழல்முனைக்கு முன்னால் வழி இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஒவ்வொரு முறையும்.

ட்ரைபாடில் மாட்டிய ரைஃபிளுக்குத் தானாக நிற்கும் வசதி இருப்பதாலேயே ஒரு புது ஆபத்தும் சேர்ந்து வருகிறது. தோட்டா ஏற்றிய நிலையில் அதை அப்படியே விட்டுவிட்டுத் தொலைநோக்கியை எடுக்கத் தோன்றும். விடவே கூடாது. உரிமத்துக்குப் படித்த ஏழு விதிகளில் ஒன்றை நினைவில் வையுங்கள்: சுடத் தயாரான பிறகே தோட்டா அறைக்குள் போக வேண்டும். முட்டு நின்று, குறி நின்று, ஆடு எது என்று சந்தேகமறத் தெரிந்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் போல்ட்டை மூட வேண்டும். ஆடு நகர்ந்து நீங்களும் நகர வேண்டுமானால் மறுபடி வெறும் அறை. கற்சரிவில் வழுக்காதவர் யாரும் இல்லை.

தூரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மேலே அல்லது கீழே சாய்வாகச் சுடும்போது குண்டு தாழ்வதைத் தீர்மானிப்பது கிடைத்தூரம்தான். 30 பாகைச் சாய்வில் 300 மீட்டர் என்பது கணக்குக்கு 260 மீட்டர். இப்போதைய தூரமானிகள் இதைத் தாமே சொல்லிவிடுகின்றன. ஆனால் உங்கள் கை எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சொல்லும் கருவியை யாரும் விற்பதில்லை. 600, 700 மீட்டரில் சுட்டு வீழ்த்தும் காணொளிகளை நீங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை வருத்தத்தோடு பார்க்கிறேன். தவறிய குண்டுகள் அந்தப் படத்தில் இருப்பதில்லை. குண்டு அவ்வளவு தூரம் பறக்கும் நேரத்தில் ஆடு ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், நெஞ்சு இருந்த இடத்தில் வயிறு இருக்கும்.

எடை கூடுகிறது என்பீர்கள். "ஏற்கனவே முதுகுல இருபது கிலோண்ணே." தெரியும். 20 தோட்டா அடங்கிய பெட்டி ஏறத்தாழ அரைக் கிலோ. பாதியை வீட்டில் வையுங்கள். நிற்கும் ஆட்டை நல்ல முட்டில் வைத்துச் சுடுகிறவருக்கு முழுப்பெட்டி தேவைப்படாது. பெரிய ஸ்கோப்புக்காக ஒதுக்கிய பணத்தில் பாதியைக் கால்களுக்குக் கொடுங்கள். கண்ணாடியின் தரம் ஒரு படி குறைந்தால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

கிடாக்கள் பெட்டைகளோடு சேரும் காலம் மே கடைசியில் தொடங்கிவிடும். அதற்கு முன் உங்களிடம் நான் கேட்பது இது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் சுடுதளத்துக்கு வாருங்கள். வரும்போது மலைக்குக் கட்டுவதுபோலவே பையைக் கட்டிக்கொண்டு, ஊன்றுகோல்களோடு வாருங்கள். ட்ரைபாட் வைத்திருப்பவர் இல்லாதவருக்கு அன்று முழுக்கக் கொடுங்கள். வாங்குமுன் அவர்கள் அதில் சுட்டுப் பார்க்கட்டும். மேசைப்பக்கம் யாரும் போக வேண்டாம். தளத்து அதிகாரியிடம் சொல்லித் தரையிலும் வரப்பிலும் உட்கார்ந்து சுட அனுமதி வாங்கும் பொறுப்பு என்னுடையது. கொஞ்சம் ஓடிவிட்டு, மூச்சு இரைக்கும்போதே முட்டு நிறுத்தி, அரை நிமிடத்துக்குள் சுடுங்கள். 20 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்தும் விழும் தூரம் உங்களுக்கு எதுவோ, அதை ஒரு துண்டு டேப்பில் எழுதி அடிக்கட்டையில் ஒட்டுங்கள். 140 என்றால் 140. பக்கத்தில் இருப்பவர் 250 என்று எழுதினால் அது அவர் எண்.

மூத்தவர்களே, மலையில் ஒரு பிள்ளை ரைஃபிளைத் தூக்கும்போது "சுடு சுடு" என்று அவசரப்படுத்தாதீர்கள். "முட்டு இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் பையைக் கழற்றி அவர் முன்னால் போடுங்கள். அதற்குள் ஆடு போய்விட்டால் போகட்டும்.

இளையவர்களே, அந்த டேப்பில் எழுதிய தூரத்தைத் தாண்டி எவ்வளவு பெரிய கிடா நின்றாலும், கிட்டப் போக வழியில்லாவிட்டால், முட்டு சரியாக அமையாவிட்டால், போல்ட்டைத் திறந்துவிட்டு இறங்கி வருவேன் என்று எனக்கு வாக்குக் கொடுங்கள். சனிக்கிழமை வரும்போது நேரில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களோடு மலையேறும் ஓர் அண்ணன்